பாவை விளக்கு: அந்தப்புரத்திலிருந்து திருக்கோயிலுக்கு

அகலேந்தி நிற்கும் பெண்ணுருவ விளக்கு இன்று தீபலட்சுமி என்னும் பெயரால் திருமகளின் வடிவாகவே கருதப்படுகிறது. ஆயினும் பத்துப்பாட்டில் அது வழிபாட்டுப் பொருளாக அன்றி, அரசமகளிர் வாழும் மனையின் இரவு விளக்காகவே காட்சியளிக்கிறது.

நக்கீரரின் நெடுநல்வாடையில் மூவகை விளக்குகள் சுட்டப்பெறுகின்றன. மாலையில் நகர மகளிர் இரும்பு விளக்கேற்றி, நெல்லும் மலரும் தூவித் தொழுகின்றனர். பாசறையில் பாண்டில் விளக்கின் சுடர் வாடைக்காற்றால் தெற்கே சாய்கிறது. ஆடவர் புகாத அந்தப்புரத்திலோ யவனர் செய்த பாவையின் கையகலில் நெய் வார்க்கப்படுகிறது. நெய் அறுந்தோறும் விளக்கு மீண்டும் செம்மை செய்யப்படுகிறது. தொழுகை இரும்பு விளக்கோடு நின்றுவிடுகிறது, பாவை தொழப்படவில்லை. நப்பூதனாரின் முல்லைப்பாட்டிலும் எழுநிலை மாடத்தில், தலைவனைப் பிரிந்து துயிலாதிருக்கும் அரசியின் அருகில் பாவை விளக்கே எரிகிறது. எனவே பிரிவுத்துயரின் உடனிருப்பாகவே இவ்விளக்கைப் புலவர்கள் அமைத்தனர் எனலாம்.

கி.பி. 79இல் எரிமலைச் சீற்றத்தால் புதையுண்ட பொம்பெய் நகரில், 1925இல் அகழ்ந்தெடுக்கப்பட்ட வெண்கல இளைஞன் உருவமும் விளக்குத்தாங்கியே ஆகும். ஆயின் தமிழ்ப் பாடல்களில் விளக்கேந்துவது பாவை என்பது நோக்கத்தக்கது. பணிமகளிர் கையிலிருந்த விளக்கு இவ்வுருவத்தின் கைக்கு மாறியது போலும்.

சோழர் காலத்தில் அணையா விளக்கு கோயிலின் அறமாயிற்று. ஒரு நந்தா விளக்கெரிக்க 'சாவா மூவாப் பேராடு' 96 அளிக்கப்பட்டதைக் கல்வெட்டுகள் உணர்த்துகின்றன. நெய்க்குரிய பொறுப்பு அரண்மனைப் பணியாளரிடமிருந்து ஆடுகளைப் பெற்ற மன்றாடிகளுக்குச் சென்றது.

இவ்விரு மரபுகளும் திருவிடைமருதூர் மகாலிங்கசுவாமி கோயிலில் ஒன்றுகூடுகின்றன. தஞ்சை மராட்டிய அரசகுலத்தைச் சார்ந்த அம்மணிபாய், தாம் விரும்பிய பிரதாபசிம்மரை மணக்கவேண்டி இலட்சதீப நேர்த்தி மேற்கொண்டு, 1853இல் தம் உருவத்தையே பாவை விளக்காக அமைத்தார். இதனைப் பீடத்திலுள்ள தமிழ்ப் பொறிப்பு தெரிவிக்கிறது. நெடுநல்வாடையில் காத்திருப்பவள் அரசி, விளக்கேந்துபவள் பாவை. திருவிடைமருதூரில் காத்திருந்தவளே பாவையாக நிற்கிறாள்.

ஆகவே இத்தகைய விளக்குகள் அனைத்தையும் தீபலட்சுமி என்னும் ஒரு பெயரால் வழங்குவது, அவற்றுள் உறையும் மானிட வரலாற்றை மறைத்துவிடும். பாவை விளக்கு என்னும் பழம்பெயரே அவ்வரலாறு முழுமைக்கும் இடந்தருவதாகும்.