கல் குவாரியும் ஆறு மீட்டர் கணக்கும்

மாமல்லபுரம் போனால் எல்லோரும் ரதங்களுக்கு முன்னால் போட்டோ எடுப்போம். அடுத்த முறை பக்கத்துப் பாறைகளையும் பாருங்கள், வரிசையாக ஆப்புக் குழிகள் தெரியும். வெடி இல்லாமல் கல்லைப் பிளந்த தடம் அது. வெடிமருந்து வந்தபிறகு வேலை வேகமானது, ஆபத்தும் கூடியது.

இதற்கான சட்டத்தைத் தேடிப் போனால் நிலக்கரி ஊர்களில்தான் போய் நிற்கிறோம். 1901-ல் சுரங்கச் சட்டம், 1902-ல் கல்கத்தாவில் ஆய்வு அலுவலகம். 1958 பிப்ரவரியில் சினாகுரி சுரங்க வெடிப்பில் 170 பேருக்கு மேல் இறந்தார்கள். அரசு, முதலாளி, தொழிற்சங்கம் மூன்றும் சேர்ந்து உட்கார்ந்த முதல் சுரங்கப் பாதுகாப்பு மாநாடு அதே வருடம்தான் நடந்தது. புதிய ஆளுக்குப் பயிற்சி கொடுக்காமல் வேலையில் இறக்கக் கூடாது என்ற விதி வர 1966 ஆனது.

சரி, நம் செங்கல்பட்டு கல் குவாரி? அதுவும் சட்டப்படி சுரங்கம்தான் (எனக்கே ஆச்சரியம்!). ஆனால் 1952 சட்டத்தில் ஒரு விலக்கு இருந்தது. கட்டடக் கல் எடுக்கும் திறந்த குழி, ஆழம் 6 மீட்டருக்குள், ஆள் 50-க்குள், வெடியும் இல்லை என்றால் பெரும்பாலான பிரிவுகள் பொருந்தாது. ஒரு வேட்டு வைத்தாலே விலக்கு போச்சு. வேட்டுச் சத்தம் ஊருக்கே கேட்கும். ஆழத்தை அளக்கத்தான் யாராவது டேப்போடு குழிக்குள் இறங்க வேண்டியிருந்தது.