தீபகற்பம் தீவான கதை

முப்பது வருஷத்துக்கு மேல் பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்தியவன் நான். "மூன்று பக்கம் நீர், ஒரு பக்கம் நிலம், அதுதான் தீபகற்பம்" என்று எத்தனை பிள்ளைகளை ஒப்பிக்க வைத்திருப்பேன்! அந்த நான்காவது பக்கம் நிலம்தானா என்று சந்தேகப்பட எனக்குத் தோன்றியதே இல்லை. ஓய்வுபெற்ற பின் ஆர்க்டிக் பற்றிப் படிக்கப்போய்த்தான் கோங்ஸ்ஃபியோர்டு கண்ணில் பட்டது.

நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுக்கூட்டத்தில், ஏறத்தாழ 79 டிகிரி வடக்கில் இருக்கிறது அது. பனியாறு குடைந்த பள்ளத்தாக்கில் கடல் புகுந்தால் அதற்கு ஃபியோர்டு என்று பெயர். இங்கே உட்கோடியில் இன்றும் பனியாறுகள் கடலுக்குள் உடைந்து விழுகின்றன.

வடகரைப் பக்கம் ப்ளோம்ஸ்ட்ராண்ட்ஹால்வோயா என்று ஓர் இடம். 'ஹால்வோயா' என்றால் நார்வே மொழியில் தீபகற்பம். சொல்லைப் பிரித்தால் 'பாதித் தீவு'. படம் வரைந்தவர்களுக்கு அது கரையோடு ஒட்டியிருப்பதாகவே தெரிந்தது. ஒட்டவைத்திருந்தது பனியாறு! அது பின்வாங்கிப் பின்வாங்கி, 1990-களின் தொடக்கத்தில் நடுவே கடல் வெளிப்பட்டது. பாதித் தீவு முழுத் தீவாயிற்று. பெயர் மட்டும் அப்படியே நிற்கிறது.

அதே இடத்தில் 1911-இல் மான்ஸ்ஃபீல்டு என்ற ஆங்கிலேயர் சலவைக்கல் வெட்டத் தொடங்கி, குடியிருப்புக்கு லண்டன் என்றே பெயரும் வைத்தார். கல்லைப் பனி உள்ளுக்குள்ளேயே நொறுக்கியிருந்தது. பிழைப்பு நடக்கவில்லை. துருப்பிடித்த இயந்திரங்கள் இன்னும் அங்கே கிடக்கின்றனவாம்.

எதிர்க்கரை நீ-ஓலெசுண்டில் நிலக்கரிச் சுரங்கம். 1962 நவம்பர் 5-ஆம் தேதி நடந்த வெடிவிபத்தில் 21 பேர் இறந்தார்கள். அந்த மாதத்தில் அங்கே சூரியனே உதிப்பதில்லை. இருட்டில் உள்ளே போனவர்கள் இருட்டிலேயே போய்விட்டார்கள். சுரங்கம் அரசுக்குச் சொந்தம் என்பதால் பாராளுமன்றத்தில் கேள்வி எழுந்தது. 1963-இல் கெர்ஹார்ட்சன் அரசே கவிழ்ந்தது. சுரங்கத்தையும் மூடிவிட்டார்கள்.

அந்தச் சுரங்க ஊர்தான் இப்போது ஆராய்ச்சி ஊர். நம் நாட்டின் 'ஹிமாத்ரி' நிலையம் 2008-இல் அங்கேதான் திறக்கப்பட்டது. 2014-இல் நம் விஞ்ஞானிகள் அந்த ஃபியோர்டின் நீருக்குள்ளேயே கருவிகளை நங்கூரமிட்டு இறக்கினார்கள். தண்ணீரின் வெப்பத்தையும் உப்பையும் அளக்க.