மூக்கில் சதை வளர்ச்சி: மார்த்தாண்டம் பக்கம் எந்த டாக்டரைப் பார்க்கணும்? என்ன கேட்கணும்?

மாதக்கணக்கில் மூக்கடைப்பு. வாயால்தான் மூச்சு. வீட்டில் மீன் குழம்பு கொதிக்கிற வாசனைகூட தெரியலை. ஆனாலும் 'தடுமம்தான், சரியாகிடும்'னு மெடிக்கலில் சொட்டு மருந்து வாங்கி ஓட்டுறவங்க அதிகம். அடைப்பை உடனே திறக்கும் அந்த மருந்தை ஒரு வாரத்துக்கு மேல் விட்டால், அதுவே அடைப்பைக் கூட்டிவிடும். 12 வாரம் தாண்டியும் விடலைன்னா காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போகணும்.

எல்லாமே சதை வளர்ச்சியா?

இல்லை. உரித்த திராட்சை மாதிரி வெளிறி, தொட்டால் வலிக்காமல் தொங்குவதுதான் பாலிப். கண்ணாடியில் பார்த்துப் பலர் பயப்படும் சிவந்த மேடு, பெரும்பாலும் எல்லோர் மூக்கிலும் இருக்கும் டர்பினேட். அலர்ஜியில் அது வீங்கியிருக்கும். எது எதுன்னு எண்டோஸ்கோப் வைத்துப் பார்த்தால் சில நிமிடத்தில் தெரிந்துவிடும். அதைச் செய்யாமலே 'ஆபரேஷன்' என்று சொன்னால், வேறொரு டாக்டரிடமும் காட்டுவது நல்லது.

ஒரு பக்கம் மட்டும் அடைப்பு, கூடவே ரத்தக் கசிவு இருந்தால் தள்ளிப்போடவே கூடாது. கட்டியா என்பதை ஸ்கேன், பயாப்ஸி மூலம்தான் உறுதி செய்ய முடியும்.

எங்கே போகலாம்?

அரசு மருத்துவமனை என்றால் நாகர்கோவில் ஆசாரிபள்ளத்தில் உள்ள கன்னியாகுமரி அரசு மருத்துவக் கல்லூரி. குலசேகரத்தில் தனியார் மருத்துவக் கல்லூரி இருக்கு. மார்த்தாண்டத்துக்காரங்களுக்குத் திருவனந்தபுரமும் பஸ்ஸில் போய் வரும் தூரம்தான். ஆனால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை நம்பிப் போவதாக இருந்தால், அந்த மருத்துவமனையில் இந்த ஆபரேஷனுக்கு அது செல்லுமா என்று கிளம்பும் முன்பே கேட்டுக்கணும்.

டாக்டர் பெயருக்குப் பின்னால் எம்.எஸ். அல்லது டி.என்.பி. (ஈ.என்.டி.), இல்லைன்னா டி.எல்.ஓ. இருக்கணும். 'ஊசி போட்டு மூக்குச் சதையைக் கரைக்கிறோம்'னு மூல வியாதியோடு சேர்த்து போர்டு வைக்கும் இடங்கள் வேண்டாம். மூக்கின் மேல்பகுதிக்கு ஒட்டியே கண்ணும் மூளையும் இருக்கு. ஆபரேஷனுக்கு முன் சி.டி. ஸ்கேன் எடுக்கச் சொல்வது அதனால்தான்.

ஆபரேஷன் பண்ணினால் தீர்ந்துடுமா?

பெரும்பாலும் முதல் சிகிச்சை ஸ்டீராய்டு ஸ்பிரேயும் உப்புநீர் கழுவலும்தான். அதில் அடங்காவிட்டால் வெளியே தழும்பு இல்லாத எண்டோஸ்கோபி ஆபரேஷன். ஆனாலும் சதை திரும்ப வரலாம். அதனால் டாக்டரிடம் கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி: "ஆபரேஷனுக்கு அப்புறம் எத்தனை நாள் ஸ்பிரே, எப்போ எப்போ வந்து காட்டணும்?" மாதாமாதம் திருவனந்தபுரம் அலைய முடியாதவர்கள் பக்கத்திலேயே டாக்டரைத் தேர்ந்தெடுப்பது இதற்காகத்தான்.

ஆஸ்துமா இருந்தாலோ, ஆஸ்பிரின் போன்ற வலி மாத்திரை சாப்பிட்டால் இழுப்பு வந்தாலோ அதை டாக்டர் கேட்காவிட்டாலும் சொல்லிடணும். இவர்களுக்குத்தான் சதை அதிகம் திரும்ப வரும்.