அல்சூர் ஏரி மீன்களும் பெண்ணையாற்றுக் கழிமுகமும்

2016-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் ஒருநாட் காலை, பெங்களூர் அல்சூர் ஏரிக்கரைக்கு உலாவ வந்தவர்கள் ஆயிரக்கணக்கான மீன்கள் வயிறு மேலாக மிதந்து கரையோரம் ஒதுங்கிக் கிடக்கக் கண்டனர். யாரோ நஞ்சு கலந்துவிட்டனர் என்று ஐயுற்றோரும் உண்டு. நஞ்சை வெளியே தேட வேண்டிய அவசியமே இல்லை. அது நகரத்தார் அன்றாடம் வீட்டிலிருந்து வெளியேற்றும் நீர்தான்.

கடல் மட்டத்திற்குச் சுமார் 900 மீட்டர் உயரத்தில் அமைந்த இந்நகருக்குப் பேராறு ஏதும் இல்லை. ஆகையால் 1537-இல் நகரை அமைத்த கெம்பே கவுடரும், அவருக்கு முன்னும் பின்னும் வாழ்ந்தோரும் சரிவுதோறும் ஏரி கட்டினார்கள். மேல் ஏரி நிரம்பினால் கோடி வழியே கீழ் ஏரிக்கு நீர் செல்லும். கோடி என்னும் இச்சொல்லைக் கன்னடத்தாரும் வடதமிழ்நாட்டாரும் ஒரே பொருளில் வழங்குவது, மொழிபெயர்ப்பே தொழிலாகிவிட்ட எனக்குத் தனி மகிழ்ச்சி தருவதொன்று.

குடிக்கும் நீர் ஏரியிலிருந்து வந்த வரையில் ஏரியைக் காப்பது தன்னைக் காப்பதாக இருந்தது. பின்னர் ஹெசரகட்டாவிலிருந்து குழாய் நீர் வந்தது. 1974-இல் காவிரி நீர், நூறு கிலோமீட்டர் தொலைவிலிருந்து மேட்டுக்கு ஏற்றப்பட்டு, வந்து சேர்ந்தது. ஒரு காலத்தில் குடிநீர் தந்த தர்மாம்புதி ஏரி இருந்த இடத்தில் இன்று பேருந்து நிலையம் நிற்கிறது; சம்பங்கி ஏரி விளையாட்டரங்கமாயிற்று. எஞ்சிய ஏரிகளோ கழிவுநீரைத் தாங்கும் தொட்டிகளாயின.

மீன் எவ்வாறு மடிகிறது? கழிவுநீரிலுள்ள மக்கும் பொருள்களை நுண்கிருமிகள் உண்கின்றன; உண்ணுந்தோறும் நீரில் கரைந்த பிராணவாயுவைச் செலவழிக்கின்றன. எருவுண்ட பாசியும் செழிக்கிறது. பகலில் வெயிலின் துணையால் பிராணவாயுவை வெளியிடும் அப்பாசி, இரவில் தானும் அதனையே உட்கொள்ளுகிறது. ஆகவே விடியற்காலையில்தான் இருப்பு மிகக் குறைகிறது. லிட்டருக்கு நான்கைந்து மில்லிகிராம் வேண்டியிருக்கும் மீன்கள், அது கிடையாமல் மேற்பரப்பில் வாய் திறந்து தத்தளிக்கின்றன. இத்துடன் அம்மோனியா சேர்ந்து செவுள்களை அரிக்கிறது. கோடை வெப்பம் அதன் கொடுமையை மிகுதிப்படுத்துகிறது. உடனே சாவாத மீனும் நலமாக இருப்பதில்லை. நோய் தாங்கும் வலிமை குன்றித் துடுப்பு அழுகலுக்கும் தோற்புண்ணுக்கும் ஆளாகிறது.

அல்சூருக்குத் தென்கிழக்கே உள்ள பெல்லந்தூர் ஏரியின் கதை உலகறிந்தது. சலவைத் தூள்களின் நுரை மலைபோல் எழுந்து சாலையில் பறந்தது. 2015-லும் 2017-லும் 2018-லும் அங்கே தீயும் எழுந்தது. நீரில் நெருப்பு என்பது புராணத்தில் மட்டும் உண்டென எண்ணியிருந்தோம்! 2018 டிசம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் மாநில அரசுக்கு 50 கோடி ரூபாய் கட்டுமாறு பணித்தது.

பெல்லந்தூர் நீர் வர்த்தூர் ஏரிக்குச் சென்று தட்சிண பினாகினியை அடைகிறது. அதுவே நம் தென்பெண்ணை. ஒசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணையில் அந்நுரை பலமுறை தோன்றியுள்ளது. பின்னர்க் கிருஷ்ணகிரி அணை, சாத்தனூர் அணை. இறுதியில் கடலூருக்கு அருகே வங்கக் கடல்.

கழிவுநீரின் வலிமையை அளக்கும் முறையிலும் கடல் நினைவு உண்டு. லண்டனில் 1858-ஆம் ஆண்டு தேம்ஸ் நதியின் நாற்றம் பாராளுமன்றத்தையே கலக்கியது. பின்னர் அமைந்த அரசாணைக் குழு, 1912-இல், கழிவுநீரை ஐந்து நாள் வைத்து அது எவ்வளவு பிராணவாயுவை உண்கிறது என்று பார்க்கும் சோதனையைப் பரிந்துரைத்தது. இங்கிலாந்தின் ஆற்றுநீர் ஐந்து நாளுக்குள் கடலைச் சேர்ந்துவிடும் என்பதே அதற்குக் காரணமாகக் கூறப்படுவது. வெப்பம் மிக்க நம் நாட்டில் 27 பாகையில் மூன்று நாள் வைத்து அளக்கிறோம். அணைகளால் தடுக்கப்பட்ட பெண்ணைக்கு ஆங்கிலேயரின் ஐந்து நாள் கணக்கு எவ்வாறு பொருந்தும்? அதன் அழுக்கு அணையடியில் வண்டலாய்ப் படிந்து, வெள்ளத்துக்குக் காத்துக் கிடக்கிறது. தேம்ஸ் நதியோ 1957-இல் உயிரற்றதென அறிவிக்கப்பட்டுப் பின் தூய்மைபெற்றது. 1974-இல் அதில் சால்மன் மீன் ஒன்று மறுபடி அகப்பட்டது.

கடலில் கழிவு கரைந்து மறைந்துவிடும் என்பது பழைய நம்பிக்கை. உலகக் கடலோரங்களில் பிராணவாயு வற்றிய பகுதிகள் 400-க்கு மேல் இருப்பதாக 2008-இல் வெளியான ஆய்வொன்று கணக்கிட்டது. கழிமுகமே முதலில் அடிபடும் இடம். மடவை கடலில் முட்டையிடும்; அதன் குஞ்சுகளோ உப்பும் இனிப்பும் கலந்த கழிமுகத்திற்கு வந்து வளரும். இறாலுக்கும் அதுவே தொட்டில். அதற்கு வந்து சேரும் நீர் மலையுச்சி நகரத்தின் குளியலறைகளிலிருந்து புறப்பட்டதென்பதை வலைவீசுவோர் அறிய நியாயமில்லை. 2024 டிசம்பர் தொடக்கத்தில் புயல்மழையால் சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு 1,60,000 கன அடிக்கு மேல் திறந்துவிடப்பட்டபோது, கடலூரின் கரையோர ஊர்களில் அந்நீர் வீட்டு வாயில் வரை வந்து நின்றது.