செரியாத நாரும் குடல்வாழ் நுண்ணுயிர்களும்

1804-ஆம் ஆண்டில் வாலண்டின் ரோஸ் என்ற ஜெர்மானியர் ஒரு செடியின் வேரைக் கொதிநீரில் இட்டு, அதிலிருந்து மாவு போன்ற ஒரு பொருளைப் பிரித்தெடுத்தார். இனுலா என்னும் அச்செடியின் பெயரால் அப்பொருள் ‘இனுலின்’ எனப்பட்டது. நீங்கள் நாள்தோறும் உண்ணும் வெங்காயத்திலும் பூண்டிலும் இது உண்டு. பிரக்டோஸ் சர்க்கரை மூலக்கூறுகள் சங்கிலிபோல் கோத்த அமைப்பு இது. அச்சங்கிலியை அறுக்கும் நொதி நம் உடலில் இல்லை. ஆகவே இனுலின் செரிக்காமல் பெருங்குடலை அடைகிறது.

இத்தகைய நார்ப்பொருள்களை வெறும் சக்கை என்றே நெடுங்காலம் கருதினர். உகாண்டாவில் பணியாற்றிய அறுவை மருத்துவர் டெனிஸ் பர்க்கிட் 1970-களில் இதை மறுத்தார். நார் மிகுந்த உணவு உண்ணும் ஆப்பிரிக்கக் கிராமத்தாரிடம், மேலைநாடுகளில் மலிந்த பல நோய்கள் அரிதாயிருப்பதை அவர் எடுத்துக்காட்டினார். மலத்தை நிறுத்துப் பார்க்கவும் கூசாத மருத்துவர் அவர்! 1995-இல் கிப்சன், ராபர்ஃப்ராய்டு இருவரும், குடலில் நன்மை செய்யும் பாக்டீரியாக்களை வளர்க்கும் செரியாத உணவுக்கூறுகளுக்குப் ‘பிரீபயாட்டிக்’ என்று பெயரிட்டனர்.

ஆனால் 2004-இல் ஒரு வியப்பு காத்திருந்தது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ஜெஃப்ரி கார்டன் குழுவினர், நுண்ணுயிரே இல்லாமல் வளர்த்த எலிகளுக்குச் சாதாரண எலிகளின் குடல் பாக்டீரியாக்களைச் செலுத்தினர். இரண்டே வாரங்களில் அவற்றின் உடற்கொழுப்பு சுமார் 60 சதவீதம் கூடிற்று. இத்தனைக்கும் அவை முன்னிலும் குறைவாகவே தின்றன! பாக்டீரியாக்கள் கொழுக்க வைக்குமானால், அவற்றுக்குத் தீனி போடுவது நன்மையாவது எப்படி என்று நீங்கள் கேட்கலாம்.

விடை, அவை எதைத் தின்கின்றன என்பதையும் பொறுத்தது. நாரை நொதிக்கச் செய்யும்போது அவை அசெட்டேட், புரோப்பியோனேட், பியூட்டிரேட் என்னும் சிறு கொழுப்பு அமிலங்களை வெளியிடுகின்றன. இவை ஓரளவு கலோரி தருவது உண்மையே. ஆயினும் புரோப்பியோனேட் போன்றவை குடற்சுவரின் உயிரணுக்களைத் தூண்டி, பசியை அடக்கும் ஹார்மோன்களைச் சுரக்கவும் செய்கின்றன. (நாரைத் திடீரென மிகுதியாக உண்டால் வயிறு ஊதுவதும் இந்த நொதித்தலால்தான்.)

2013-இல் கார்டன் குழு, ஒருவர் பருத்தும் மற்றவர் மெலிந்தும் இருந்த இரட்டையரின் குடல் பாக்டீரியாக்களை எலிகளுக்குள் செலுத்திற்று. பருத்தவரின் பாக்டீரியாக்களைப் பெற்ற எலிகளே அதிகம் கொழுத்தன. இருவகை எலிகளையும் ஒரே கூண்டில் விட்டபோது, ஒன்றின் எச்சத்தை மற்றொன்று தின்றதால் மெலிந்தவரின் பாக்டீரியாக்கள் பரவி, கொழுப்பேறுவதைத் தடுத்தன. ஆனால் கொழுப்பு குறைந்து நார் மிகுந்த தீனி கொடுத்தபோதுதான் இது நடந்தது.

எலியின் கதை மனிதருக்கு அப்படியே பொருந்துவதில்லை. பிரிட்டனில் பருமனான 60 பேரிடம் 24 வாரம் ஒரு சோதனை நடந்தது. ஒரு சாரார் நாள்தோறும் 10 கிராம், புரோப்பியோனேட் பிணைத்த இனுலினை உண்டனர். அவர்களுக்கு எடை கூடுவது குறைந்தது, எடை கரைந்தோடிவிடவில்லை. ஒப்பிடுவதற்காக மற்றொரு சாராருக்குக் கொடுத்தது என்ன தெரியுமா? கடைகளில் டப்பாக்களில் விற்கும் அதே வெறும் இனுலின்தான்!