கண்ணாடித் தகடும் கடலடிக் கமராவும்

திருகோணமலை நகரின் கிழக்கே கடலை நோக்கி நிமிர்ந்து நிற்கிறது கோணமாமலை. அங்கு விளங்கிய கோணேசர் ஆலயத்தைப் போர்த்துக்கேயர் 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இடித்தழித்தனர். நிழற்படக்கலை உலகறிய வெளிவந்ததோ 1839ஆம் ஆண்டில். ஆகவே அவ்வாலயத்தின் தோற்றத்தைப் படமாக்கிவைக்க எவருக்கும் வாய்ப்பில்லாது போயிற்று. கடலில் வீழ்ந்த கற்கள் சான்றாக எஞ்சின.

இத்தகைய சிதைவுகளைப் படமாக்கியோர் தலைமுறைக்குத் தலைமுறை கையாண்ட முறை வேறு. 1870, 1871ஆம் ஆண்டுகளில் திருகோணமலைக்குத் தெற்கேயுள்ள பொலன்னறுவை முதலிய இடங்களை அரசினருக்காகப் படமெடுத்தவர் ஜோசப் லோட்டன். அவர் காலத்தில் கண்ணாடித் தகட்டில் கொலோடியன் பூசி, வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் தோய்த்து, ஈரம் உலருமுன் படமெடுத்து, அருகிலிருந்த இருட்டுக் கூடாரத்திலேயே கழுவவேண்டும். அதற்குக் கிடைத்த காலம் சில நிமிடங்களே. தகடு ஒளியேற்க நொடிகள் பல சென்றமையால் அசைவன யாவும் மங்கின; அலைகடலும் பனிமூட்டமாய்ப் பதிந்தது. அசையாக் கல்லே அத்தலைமுறைக்கு ஏற்ற பொருளாயிற்று. நெடுநேரம் நோக்கித் தெளிந்த பின்னரே வில்லையின் மூடி திறக்கப்பட்டது.

சிறு கமராவும் பிலிம் சுருளும் வந்தபின் நிலைமை மாறிற்று. 1930களில் கொழும்பு லயனல் வென்ட் மக்களின் வாழ்வையும் ஒளிநிழலின் நயத்தையும் நாடினார். இருட்டறையையே புதுமைக் களமாக்கினார். பதிவு கலையாக மலர்ந்தது.

1956ஆம் ஆண்டில் மைக் வில்சனும் ஆர்தர் சி. கிளார்க்கும் காற்றுக்கலன் தாங்கிக் கோணமாமலையின் அடிவாரக் கடலில் மூழ்கினர். அங்கே கிடந்த ஆலயத் தூண்களைப் படம்பிடித்தனர். நீர் செந்நிறத்தை உறிஞ்சிவிடுவதால் ஆழத்தில் யாவும் நீலமாய்த் தோன்றும். நீருக்கடியில் பிலிம் மாற்ற இயலாது. கலனிலுள்ள காற்றோ அளவுடையது. தகட்டின் ஈரம் லோட்டனுக்கு விதித்த எல்லையை இவர்களுக்கு மூச்சுக்காற்று விதித்தது. வில்சன் கடலடியில் கண்டெடுத்த இலிங்கம் ஆலயம் சேர்ந்தது. மீண்டெழுந்த கோணேசர் ஆலயத்துக்கு 1963ஆம் ஆண்டில் குடமுழுக்கு நிகழ்ந்தது.

இன்று கோணமாமலைக்குச் செல்வோர் கைப்பேசியால் கணக்கின்றிப் படமெடுக்கின்றனர். இதில் இழிவேதுமில்லை, அன்று ஒரு படமேனும் இருந்திருப்பின் ஆலயத்தின் பழைய உருவம் தெரிந்திருக்கும் அன்றோ? ஆனால் இடமும் நாளும் குறிக்கப்படாத ஆயிரம் படங்களினும், நோக்கியறிந்து எடுத்துக் குறிப்புடன் பேணிய ஒரு படமே நாளைய வரலாற்றுக்கு உதவும். முன்னோருக்குக் கருவி விதித்த எல்லையை இன்றைய தலைமுறை தானே தனக்கு விதித்துக்கொள்ளுதல் நன்று.