ஒரே முகம், மூன்று ஊர்கள்

இணையத்தில் எந்தப் பக்கம் போனாலும் நம் பெயருக்கு அருகில் ஒரு சின்னச் சதுரம், அதற்குள் ஒரு படம். சிலர் சொந்த முகத்தைப் போடுவார்கள், சிலர் ரஜினியைப் போடுவார்கள், சிலர் பூனைக்குட்டியோடு நிறுத்திக்கொள்வார்கள். இதற்கு அவதார் என்று பெயர். 1985ல் வந்த அல்டிமா வரிசையின் நான்காவது கணினி விளையாட்டு இந்தச் சொல்லைத் தலைப்பிலேயே வைத்திருந்தது. 1992ல் நீல் ஸ்டீபன்சன் எழுதிய 'ஸ்னோ கிராஷ்' நாவல் அதை ஊரெங்கும் பரப்பியது. 2004ல் டாம் பிரஸ்டன்-வெர்னர் என்பவர் 'கிராவதார்' என்ற சேவையைத் தொடங்கினார். மின்னஞ்சல் முகவரியோடு சேர்த்து ஒரே ஒரு முறை படத்தைக் கொடுத்துவிட்டால் போதும், அந்தச் சேவையை ஏற்றுக்கொண்ட தளங்களில் எல்லாம் அதே படம் தானாக வந்து நிற்கும். 2007ல் ஆட்டோமேட்டிக் நிறுவனம் அதை வாங்கிக்கொண்டது.

ஒரு ஆள், ஒரே முகம், பல இடங்கள். புது யோசனை மாதிரித்தான் தெரிகிறது. ஆனால் கார் கம்பெனிகளுக்கும் செல்போன் கம்பெனிகளுக்கும் பேர்போன ஸ்ரீபெரும்புதூரில் இந்த யோசனைக்கு ஏறக்குறைய 900 வயது ஆகிறது நண்பர்களே!

ஸ்ரீபெரும்புதூர் இராமானுசர் பிறந்த ஊர். வைணவ மரபுக் கணக்குப்படி அவர் பிறந்தது 1017, மறைந்தது 1137, மொத்தம் 120 ஆண்டுகள். வாழ்க்கையின் பெரும்பகுதியைக் கழித்தது ஸ்ரீரங்கத்தில். இடையில் பன்னிரண்டு ஆண்டுகள் கர்நாடகத்து மேல்கோட்டையில் இருந்தார் என்பார்கள். பிறந்த ஊர், அடைக்கலம் தந்த ஊர், மறைந்த ஊர் என்று இந்த மூன்று ஊர்களிலும் அவருக்கு மூன்று திருமேனிகள் உண்டு. மூன்றுக்கும் தனித்தனிப் பெயர் வைத்திருக்கிறார்கள். விஷயமே அந்தப் பெயர்களில்தான் இருக்கிறது.

ஸ்ரீபெரும்புதூர் ஆதிகேசவப் பெருமாள் கோயிலில் இருப்பது 'தான் உகந்த திருமேனி'. இராமானுசர் ஸ்ரீரங்கத்தில் முதுமையில் இருந்தபோது, பிறந்த ஊர்க்காரர்களுக்கு அவரைப் பார்க்க முடியவில்லையே என்ற ஏக்கம். அதற்காகச் செய்த உற்சவ மூர்த்தியை அவரே கட்டித் தழுவி, தன் ஆற்றலை அதற்குள் செலுத்தி அனுப்பிவைத்தார் என்பது மரபு. தைப்பூச நாளில் அது ஊரில் எழுந்தருளியது. இன்றைக்கும் குளிர் காலத்தில் அந்தத் திருமேனிக்கு வெந்நீரில் திருமஞ்சனம் செய்து கம்பளி போர்த்துகிறார்கள். சிலைக்கு எதற்குக் கம்பளி என்று கேட்கலாம். ஊர்க்காரர்களுக்கு அது சிலை அல்ல, 'அவர்'. வயதானவருக்குக் குளிரும் அல்லவா?

மேல்கோட்டையில் இருப்பது 'தமர் உகந்த திருமேனி'. தமர் என்றால் தம்மைச் சேர்ந்தவர்கள். அவர் ஸ்ரீரங்கம் திரும்பப் புறப்பட்டபோது, பிரிய மனமில்லாத சீடர்கள் கேட்டுக்கொண்டதற்காக விட்டுப்போனது அது. மூன்றாவது, ஸ்ரீரங்கத்தில் இருக்கும் 'தானான திருமேனி'. அங்கே அமர்ந்த கோலத்தில் இருப்பது அவருடைய உடலேதான் என்பது அடியார்களின் நம்பிக்கை. ஆண்டுக்கு இரண்டு முறை பச்சைக் கற்பூரமும் குங்குமப்பூவும் சேர்த்துச் சாத்துகிறார்கள்.

மூன்று பெயர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தான் விரும்பியது, தன்னவர்கள் விரும்பியது, தானே ஆனது. எந்தச் சிலை அதிகம் அவரை மாதிரி இருக்கிறது என்ற கேள்வியே இதில் இல்லை. இது யாருடைய சம்மதத்தோடு இங்கே நிற்கிறது என்பதைத்தான் பெயர் சொல்கிறது. முதலில் நான் இதைப் பக்திக் கதை என்று மட்டும் நினைத்திருந்தேன். யோசிக்க யோசிக்க, ஒரு முகத்தை ஏன் நம்ப வேண்டும் என்பதற்கு நம் ஆட்கள் எழுதி வைத்த இலக்கணமாகத் தெரிகிறது.

இன்னொரு வேடிக்கை. அவருக்குப் பெயர்கள் ஏராளம். பெற்றோர் வீட்டில் இளையாழ்வார். அப்புறம் எதிராசர், உடையவர், எம்பெருமானார், பாஷ்யகாரர். ஒவ்வொரு பெயரும் ஒவ்வொருவர் கொடுத்தது. ஆனால் உருவம் பெரும்பாலும் மாறுவதில்லை. அமர்ந்த கோலம், கூப்பிய கைகள், நெற்றியில் திருமண், தோளோடு சாய்ந்த முக்கோல். எந்த ஊர்ப் பெருமாள் கோயிலுக்குப் போனாலும் கல்வெட்டு படிக்காமலே 'இவர் இராமானுசர்' என்று சொல்லிவிடலாம். 2017 மே மாதம் ஆயிரமாவது ஆண்டுக்காக வந்த அஞ்சல் தலையையும், 2022 பிப்ரவரியில் ஐதராபாத் அருகே முச்சிந்தலில் திறந்த 216 அடிச் சிலையையும் நாம் அடையாளம் கண்டுகொள்வது இந்தக் குறிகளை வைத்துத்தான்.

இங்கேதான் சிக்கலும் வருகிறது. குறிகளை வைத்துத்தான் ஆளை அடையாளம் காண்கிறோம் என்றால், அதே குறிகளை வேறொருவர் அணிந்துகொண்டால் என்ன ஆகும்?

அப்படியும் நடந்திருக்கிறது. குருபரம்பரை நூல்கள் சொல்லும் கதை இது. சிவனுக்கு மேல் தெய்வமில்லை என்று எழுதிய ஓலையில் அறிஞர்கள் எல்லோரும் ஒப்பமிட வேண்டும் என்று சோழ அரசன் கட்டளையிட்டான். இராமானுசர் ஒப்பமிட்டால்தான் அதற்கு மதிப்பு என்று நாலூரான் என்பவர் எடுத்துக்கொடுக்க, ஸ்ரீரங்கத்துக்கு ஆட்கள் வந்தார்கள். (அந்த அரசன் எந்தச் சோழன் என்பதில் வரலாற்று ஆசிரியர்களுக்குள் ஒற்றுமை இல்லை. சைவ வைணவச் சண்டைக்குள் நானும் போகப்போவதில்லை.) இராமானுசர் நீராடப் போயிருந்த நேரம். சீடர் கூரத்தாழ்வான், காஞ்சிபுரம் பக்கத்துக் கூரம் ஊர்க்காரர், குருவின் காவி உடையையும் முக்கோலையும் எடுத்து அணிந்துகொண்டு 'நான்தான் இராமானுசன்' என்று கிளம்பிவிட்டார். முதியவரான பெரிய நம்பியும் கூடப் போனார். கூரத்தாழ்வான் அரசவையில் ஒப்பமிட மறுத்தார், கண்களை இழந்தார். பெரிய நம்பியும் கண்ணிழந்து, ஊர் திரும்பும் வழியிலேயே உயிர் துறந்தார். இராமானுசர் சீடருடைய வெள்ளை வேட்டியை உடுத்திக்கொண்டு மேற்கே போனார். அந்தப் பயணத்தில் சேர்ந்த ஊர்தான் மேல்கோட்டை. அதாவது இரண்டாவது திருமேனி அங்கே இருப்பதற்கே இந்த ஆள்மாறாட்டம்தான் காரணம்! ஸ்ரீபெரும்புதூர்த் திருவிழாவில் இராமானுசருக்கு வெள்ளை சாத்துப்படி செய்வது இந்த நிகழ்ச்சியின் நினைவாகத்தான்.

பி.காம் படிக்கிறவன் என்பதால் எனக்கு இந்தக் கதையில் இந்திய ஒப்பந்தச் சட்டம் (1872) கண்ணில் படுகிறது, மன்னிக்கவும். அதன் 196வது பிரிவு, ஒருவர் நமக்குத் தெரியாமல் நம் சார்பாக ஒரு காரியம் செய்தால் அதைப் பின்னர் ஏற்கவோ மறுக்கவோ நமக்கு உரிமை உண்டு என்கிறது. 197வது பிரிவு, வாயால் சொல்லாவிட்டாலும் நடத்தையாலும் ஏற்கலாம் என்கிறது. இராமானுசர் வெள்ளை உடுத்திப் புறப்பட்ட அந்த நேரமே ஒப்புதல் ஆகிவிட்டது. இந்த நடத்தை மட்டும் இல்லாதிருந்தால் கூரத்தாழ்வான் செய்தது வெறும் ஆள்மாறாட்டம்.

ஆள்மாறாட்டத்துக்கு இன்றைக்கு வேறு சட்டம் இருக்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவு, கணினி அல்லது செல்போன் வழியாக இன்னொருவராக நடித்து ஏமாற்றினால் மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்கிறது. இருந்தும் கலெக்டர் படத்தை வாட்ஸ்அப்பில் முகப்பாக வைத்துக்கொண்டு அவருக்குக் கீழே வேலை பார்ப்பவர்களிடமே பணம் கேட்கிறார்கள். கம்பெனி மேலாளர் படத்தை வைத்துக் கணக்குப் பிரிவில் இருப்பவரை ஏமாற்றுகிறார்கள். ஒரகடம் பக்கம் ஷிப்ட் பஸ்ஸுக்கு நிற்கிற ஒவ்வொருவர் கழுத்திலும் படம் போட்ட அட்டை தொங்குகிறது. அதே ஆளின் முகம் வங்கிச் செயலியில், பிஎஃப் கணக்கில், வாட்ஸ்அப்பில் என்று ஏழெட்டு இடங்களில் நிற்கிறது. முகத்தை நகலெடுக்க இப்போது சிற்பியும் வேண்டாம், ஸ்தபதியும் வேண்டாம். ஒரு ஸ்கிரீன்ஷாட் போதும். குரலையும் அசைவையும் சேர்த்துச் செய்துகொடுக்க மென்பொருளும் வந்துவிட்டது.

ஆகவே 'படம் அவரை மாதிரியே இருக்கிறதா' என்று பார்ப்பதில் பயனில்லை. மாதிரி இருக்கத்தான் செய்யும். கேட்க வேண்டியதை அந்த மூன்று பெயர்கள் ஏற்கெனவே கேட்டுவிட்டன. இதைத் தன்னுடையது என்று அவர் ஏற்றாரா? அவரை அறிந்தவர்கள் ஏற்கிறார்களா? இதற்குப் பின்னால் அவர் நிஜமாகவே இருக்கிறாரா? பணம் கேட்டு வரும் கலெக்டர் படத்திடம் இந்தக் கேள்விகளைக் கேட்டால், முதல் கேள்வியிலேயே பல்லிளித்துவிடும். அவருடைய பழைய எண்ணுக்கு ஒரு போன் போட்டால் முடிந்தது கதை.

கூரத்தாழ்வான் கதை நான்காவது கேள்வி ஒன்றையும் சேர்க்கிறது: இந்த முகத்தைப் போட்டுக்கொண்டவருக்கு இதனால் வருவது என்ன? இன்னொருவர் முகத்தை மாட்டிக்கொண்டு வருகிறவர்கள் பொதுவாக எதையாவது எடுத்துக்கொண்டு போகத்தான் வருகிறார்கள். அவர் அந்த வேடத்தில் போய்த் தன் கண்களைக் கொடுத்துவிட்டு வந்தார். அதனால்தான் ஆயிரம் ஆண்டு ஆகப்போகிற நிலையிலும் அவரை யாரும் போலி என்று சொல்வதில்லை.